நாற்பது வீதம் கூட என்றால், கூடக் கேளுங்கள்: ஒன்ராறியோ வாகனக் காப்புறுதி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய காப்புறுதி அலுவலர்களுக்கு,

வணக்கம்.

ஒன்ராறியோவில் வாகனக் காப்புறுதி விற்கும் நிறுவனங்களில், வந்த விண்ணப்பத்தை எடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்கும் மேசைகளில் இருப்பவர்கள் நீங்கள். உங்களில் ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை. உங்கள் பதில்கள் எல்லாம் முகவர்கள் வழியாகத்தான் வந்தன. அவை அநேகமாக ஒற்றைச் சொல்லாக இருந்தபடியால் எனக்குச் சொல்ல நிறைய மிஞ்சிப்போய்விட்டது. அதனால்தான் இந்த மடல்.

என்னிடம் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. இரண்டு கதவு, 948 சிசி எஞ்சின், 37 குதிரைவலு. இங்கிலாந்தில் ஓடிய கார், ஆகவே ஸ்ரியரிங் வலப்பக்கம். போன வருடம் பனி கொட்டத் தொடங்கியதில் இருந்து வெயில் வரும்வரை இதற்குக் காப்புறுதி தேடி அலைந்தேன். பதினான்கு இடம் கேட்டேன். பதின்மூன்று இடத்தில் இல்லை என்றார்கள். அந்தப் பதினான்காவது இடம் எப்படிக் கிடைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பதின்மூன்றைப் பற்றி.

எதற்கு இந்த வயதில் இந்தக் கார் என்று ஒரு முகவர் கேட்டார். விண்ணப்பத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை, தம்பி தானாகக் கேட்டது. அதில் இருந்தது வேலைக்கா, வியாபாரத்துக்கா, பொழுதுபோக்குக்கா என்ற மூன்று பெட்டிகள்தான். பொழுதுபோக்கு என்று அடையாளம் போட்டேன். உங்களுக்குக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கொக்குவிலில் எங்கள் அப்பாவிடம் ஒரு மைனர் இருந்தது. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரும், ஒஸ்ரின் ஏ40உம், மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டும்தான் எங்கே திரும்பினாலும் நிற்கும். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் அதுதான், பிரசவ வலி கண்டவளை ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடுவதற்கும் அதுதான். நான் கார் ஓடப் பழகியது அதில், கோயில் வெளிவீதியில், பக்கத்தில் அப்பா கைப்பிரேக்கில் கை வைத்தபடி இருக்க. 1988இல் நான் கனடா வந்துவிட்டேன். 1990க்குப் பிறகு வடக்குக்குப் பெற்றோல் வரத் தடை. அப்பா மண்ணெண்ணெயில் ஓடினார். எஞ்சினை எழுப்ப மட்டும் ஒரு சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோல், சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய். ஒழுங்கை முழுக்கப் புகை என்று கடிதத்தில் எழுதியிருந்தார். 1995 ஒக்ரோபர் கடைசியில் போருக்குப் பயந்து, யாழ்ப்பாணத்தைச் சுற்றிய வலிகாமம் முழுதும் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது, அம்மம்மாவும் அயல்வீட்டுக் கிழவிகள் இரண்டு பேரும் அந்தக் காரில் போனார்கள். அடுத்த வருடம் அவர்கள் வீடு திரும்பினார்கள். கார் திரும்பவில்லை. எங்கே விட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை.

இதெல்லாம் ஆபத்துக் கணக்குக்கு உதவாத கதை என்று நினைப்பீர்கள். எனக்கென்னவோ உதவும் என்றுதான் படுகிறது. வேகமாக ஓட இந்தக் காரை நான் வாங்கவில்லை; விற்றுக் காசு பார்க்கவும் வாங்கவில்லை. அதில் ஒரு கீறல் விழுந்தால் எனக்கு இரண்டு இரவு நித்திரை வராது. இப்படிப்பட்ட ஒருவன் வீதியில் எப்படி ஓடுவான் என்பது உங்கள் தொழிலுக்குத் தேவையான தகவல்தானே? அதைக் கேட்க உங்கள் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை.

சரி, கார் வந்த கதை. லெஸ்ரரில் இருக்கும் மச்சான்தான் தேடிப் பிடித்தான். மைனரை வாங்கும்போது பெயின்ற் மினுக்கத்தில் மயங்கக் கூடாது. துரு தின்பது அடியில். மச்சான் நிலத்தில் படுத்து டோர்ச் அடித்து, பின்பக்க வில்லு பூட்டும் இடத்தையும் கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தையும் விரலால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றான். லிவர்பூலில் கப்பலேற்றி, ஹலிஃபக்ஸில் இறக்கி, அங்கிருந்து ரொறன்ரோ.

கனடாவின் சட்டம் இந்த விஷயத்தில் பெருந்தன்மையானது. 15 வருடம் கடந்த வாகனம் என்றால் இங்குள்ள பாதுகாப்புத் தரங்களுக்கு அது கட்டுப்படத் தேவையில்லை. அமெரிக்காக்காரர்கள் இதே விலக்குக்கு 25 வருடம் காத்திருக்க வேண்டும். ஆனால் மண் விஷயத்தில் கனடா விடாது. வெளிநாட்டு மண்ணோடு பூச்சியும் கிருமியும் வந்துவிடும் என்று, சக்கர வளைவுக்குள் ஒரு பிடி சேறு இருந்தாலும் பிரச்சினை. மச்சான் நீராவி அடித்து இரண்டு தரம் கழுவி அனுப்பினான். அப்புறம் குளிரூட்டி உள்ள காருக்கு 100 டொலர் தனி வரி. ஏசி இருக்கிறதா என்று சுங்க அதிகாரி கேட்டார். முன்கதவில் இருக்கிற முக்கோண யன்னலைத் திறந்து காட்டினேன். சிரித்துவிட்டு அந்தப் பெட்டியில் இல்லை என்று எழுதினார். நாட்டுக்குள் வருவதற்குச் சுங்கத்தில் எடுத்தது ஒரு முற்பகல். உங்களைக் கடக்க எடுத்தது ஐந்து மாதம்.

முதல் சிக்கல் வட்டமாகச் சுற்றுகிற சிக்கல். இலக்கத் தகடு வேண்டுமென்றால் காப்புறுதி நிறுவனத்தின் பெயரும் ஒப்பந்த இலக்கமும் கொடுக்க வேண்டும். நான் கேட்ட முதல் நிறுவனம், ஒன்ராறியோப் பதிவைக் கொண்டுவா, பிறகு காப்புறுதியைப் பார்க்கலாம் என்றது. இரண்டாவது நிறுவனம் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்டது. சான்றிதழ் தரும் மெக்கானிக், வீதியில் ஓடிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். வீதியில் ஓடக் காப்புறுதி வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் நடந்தால்தான் பைத்தியம் தெளியும் என்று எங்கள் ஊரில் சொல்லுவார்கள். கடைசியில் வாடகை இழுவை லொறியில் காரை ஏற்றி மெக்கானிக்கின் கராஜுக்குக் கொண்டுபோய், பின்னால் இருந்த அவருடைய சொந்த வளவுக்குள் ஐம்பது யார் முன்னும் பின்னும் ஓடிக் காட்டினேன். மனிதர் இரக்கப்பட்டு, காரைத் தூக்கி ஒரு மணித்தியாலம் அடியில் நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிரேக், ஸ்ரியரிங் மூட்டுகள், விளக்கு எல்லாம் சரி. பிரேக் லைன் மட்டும் புதிதாகப் போடச் சொன்னார், போட்டேன்.

அடுத்தது செசி நம்பர். உங்கள் கணினிப் படிவம் 17 எழுத்து கேட்கிறது. அந்த 17 எழுத்து முறை 1981இல்தான் வந்தது. என் காரின் இலக்கம் எம்ஏ2எஸ்3 என்று தொடங்கும். எம் என்றால் மொறிஸ், ஏ எஞ்சின் வகை, 2எஸ் இரண்டு கதவுச் சலூன், 3 மூன்றாம் தொடர். அதற்குப் பின் ஒரு வரிசை இலக்கம், அவ்வளவுதான். பிறந்த சான்றிதழ் போல அதிலேயே எல்லாம் இருக்கிறது. ஆனால் கணினி ‘தவறான இலக்கம்’ என்று சிவப்பில் காட்டும். ஒரு நிறுவனத்தில், முன்னால் பூச்சியங்கள் போட்டு நிரப்பி விடுங்கோ அண்ணை என்று முகவரே சொன்னார். நான் மறுத்துவிட்டேன். இன்றைக்குப் பூச்சியம் போட்டு நிரப்பினால், நாளைக்கு விபத்து நடந்து நட்டஈடு கேட்கும்போது, நீங்கள் காப்புறுதி செய்த வாகனம் இதுவல்ல என்று நீங்களே சொல்லுவீர்கள். 1957இல் இலக்கத் தகட்டில் ‘ஸ்ரீ’ என்ற ஒற்றைச் சிங்கள எழுத்தைப் புகுத்தியதற்குப் போராட்டமே நடந்த நாட்டில் பிறந்தவன் நான். வாகனத்தில் எழுதியிருப்பதை மாற்றி எழுதுவது எனக்கு ஆகாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பதின்மூன்று மறுப்புகளில் ஒன்பது வலப்பக்க ஸ்ரியரிங் என்ற ஒரே காரணத்துக்காக. என் வயது கேட்கப்படவில்லை. எத்தனை வருடம் லைசன்ஸ், எத்தனை ரிக்கெற், வருடத்துக்கு எத்தனை கிலோமீற்றர், குளிர்காலத்தில் எங்கே நிறுத்துவாய், ஒன்றும் கேட்கப்படவில்லை. ஸ்ரியரிங் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள், சொன்னேன், முடிந்தது.

ஏன் என்று திருப்பிக் கேட்டபோது ஒரேயொரு முகவர் நேர்மையாகப் பதில் சொன்னார். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓர் ஆய்வு இருக்கிறது என்றார். உண்மை, இருக்கிறது. அந்த மாகாணத்தின் அரச காப்புறுதிக் கழகம் 2007இல் செய்தது. வலப்பக்க ஸ்ரியரிங் வண்டிகள் தங்கள் பிழையால் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு 40 வீதத்துக்கும் மேல் அதிகம் என்று அதில் கண்டார்கள். 15 வருட விலக்கைப் பிடித்துக்கொண்டு ஜப்பானில் இருந்து வாகனங்கள் மளமளவென்று வந்து இறங்கிய காலம் அது. அதைப் பார்த்துத்தான் கியூபெக் 2010இல் 25 வருடத்துக்கு உட்பட்ட வலப்பக்க வாகனங்களைப் பதிவதையே நிறுத்தியது.

இந்த ஆய்வோடு சண்டை பிடிக்க நான் வரவில்லை. நாற்பது என்ற எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். என் கேள்வி வேறு. ஆபத்து நாற்பது வீதம் கூட என்றால் நாற்பது வீதம் கூடக் காசு கேளுங்கள். ஐம்பது கேளுங்கள், தருகிறேன். ஆபத்தை அளந்து அதற்கு விலை போடுவதுதானே உங்கள் தொழில்? அளந்த பிறகும் விலை போடாமல் கதவைச் சாத்தினால் எதற்கு அளந்தீர்கள்? நேற்று லைசன்ஸ் எடுத்த பதினெட்டு வயதுப் பெடியன் முன்னூறு குதிரைவலுக் காரோடு வந்தால், தலையைச் சொறிந்துவிட்டு, பெரிய தொகை ஒன்றைச் சொல்லி, காப்புறுதி கொடுக்கிறீர்கள். அவனுடைய ஆபத்து எனக்குத் தெரியும். என் வீட்டிலேயே ஒருவன் இருக்கிறான்.

கியூபெக்கையும் நன்றாகப் பாருங்கள். இந்த விஷயத்தில் கடுமையானவர்கள் அவர்கள், ஆனால் 25 வருடத்தோடு கடுமையை நிறுத்திக்கொண்டார்கள். அறுபது வயது தாண்டிய என் காருக்கு மொன்றியாலில் பதிவு உண்டு. ஒன்ராறியோச் சட்டத்தில் எனக்குத் தடையே இல்லை. ஆனால் இங்கே காப்புறுதி கட்டாயம். இல்லாமல் வீதியில் இறங்கிப் பிடிபட்டால் முதல் தடவையே தண்டம் 5,000 டொலரில் இருந்து 25,000 வரை போகும். கட்டாயம் வாங்கியே ஆகவேண்டிய பொருளை விற்பவர்கள் எல்லோரும் விற்க மாட்டோம் என்றால், சட்டசபை போடாத தடையை நீங்கள் போடுகிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

வலப்பக்கம் இருந்து ஓடுவதில் ஆபத்தே இல்லை என்று சாதிக்க மாட்டேன். நான் பழகியது வலப்பக்க ஸ்ரியரிங்கில், உண்மை. ஆனால் அங்கே வீதியில் இடப்பக்கம் ஓடினேன், நடுக்கோடு என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. இங்கே அதே ஆசனத்தில் இருந்தால் என் பக்கத்தில் இருப்பது வீதியோரம். போக ஒரு பாதை, வர ஒரு பாதை என்று இருக்கும் கிராமத்து வீதியில் முன்னால் உழவு இயந்திரம் ஊர்ந்தால், அதை முந்துவதற்கு எதிரே என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது. பார்க்க வேண்டுமானால் காரில் பாதியை எதிர்ப்பாதைக்குள் நீட்ட வேண்டும். ஆகவே நான் முந்துவதில்லை. பின்னாலேயே போகிறேன். 37 குதிரையை வைத்துக்கொண்டு முந்த நினைப்பதே வீண் என்பது வேறு விஷயம். இடப்பக்கம் திரும்பும்போதும் எதிரே ஒரு பெரிய வண்டி திரும்ப நின்றால் பார்வை மறையும். அங்கே பச்சை அம்புக்குறி வரும்வரை நிற்பேன். பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும். இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி பூட்டியிருக்கிறேன். அந்தக் காலத்துச் சிக்னல் என்பது கதவுத் தூணில் இருந்து எழும்புகிற சின்னக் கை. அழகாகத்தான் இருக்கும், ஆனால் இங்கே ஒருவருக்கும் விளங்காது. அதனால் மின்னும் விளக்குகளும் சேர்த்துப் போட்டேன். சீட் பெல்ற்றும் போட்டேன்.

மனைவிதான் இடப்பக்கக் கண். எட்டிப் பார்த்து ‘வரலாம்’ என்றால் வருவேன், ‘பொறுங்கோ’ என்றால் பொறுப்பேன். கோப்பிக் கடையின் கார் யன்னலில் காசு கொடுப்பதும் வாங்குவதும் அவள்தான். ஒருநாள் அவள் இடப்பக்கம் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டு வந்தாள். பக்கத்துப் பாதையில் வந்த மனுசன் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

உலகத்தில் நான் ஒருவன்தான் இப்படி ஓரத்தில் இருந்து ஓடுகிறேன் என்றும் இல்லை. ஸ்வீடன் 1967 செப்டெம்பர் 3 வரை வீதியின் இடப்பக்கம் ஓடிய நாடு. ஆனால் அவர்களுடைய கார்களில் ஸ்ரியரிங் இடப்பக்கம்தான் இருந்தது. ஒரு தேசமே வீதியோரத்து ஆசனத்தில் இருந்து ஓடியது. முந்தும்போது நேர்ந்த விபத்துகளும் அவர்கள் பக்கம் மாறியதற்கு ஒரு காரணம் என்பதை நான் மறைக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்கத் தபால்காரர்கள் வலப்பக்க ஸ்ரியரிங் வண்டியில்தான் கடிதம் போடுகிறார்கள். நீங்கள் காலையில் வேலைக்கு வரும் வழியில் நிற்கிற குப்பை லொறிகளிலும் வலப்பக்கம் நின்று ஓட்டுகிறவற்றைக் காணலாம். அவற்றுக்கெல்லாம் யாரோ காப்புறுதி கொடுக்கிறார்கள்.

ஒரு நிறுவனம் சமரசம் ஒன்று சொன்னது: ஸ்ரியரிங்கை இடப்பக்கம் மாற்றி வந்தால் எடுக்கிறோம். மைனரில் அது முடியாத வேலையும் இல்லை. அலெக் இசிகோனிஸ் இந்தக் காரை வடிவமைத்து 1948இல் வெளிவந்தபோதே ஏற்றுமதியை நினைத்துத்தான் செய்தார்கள். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடப்பக்க மைனர்கள் வந்திருக்கின்றன. என் காரில் வேகமானிகூட நடுவில்தான் இருக்கிறது, எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் ஒன்றுதான். ஆனால் ஒன்ராறியோவில் பழைமை வாகனத் தகடு வேண்டுமென்றால் கார் 30 வருடத்துக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும், தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே பெரிதாக மாறாமலும் இருக்க வேண்டும். காப்புறுதிக்காக மாற்றினால் தகட்டுக்காரர் முகம் சுளிப்பார், தகட்டுக்காக மாற்றாமல் விட்டால் நீங்கள் சுளிக்கிறீர்கள். இதைவிட முக்கியமான ஒன்று: அறுபது வருடம் ஒழுங்காக வேலை செய்த ஸ்ரியரிங்கை அறுத்து மறுபக்கம் ஒட்டிய கார் பாதுகாப்பானது, அறுக்காத கார் ஆபத்தானது என்று எந்த மெக்கானிக் சொல்லுவார்?

உதிரிப்பாகம் கிடைக்காது, பழுதுபார்க்கச் செலவு எகிறும் என்று இரண்டு இடத்தில் சொன்னார்கள். இது தெரியாமல் சொன்னது. பத்து இலட்சம் தாண்டி விற்ற முதல் பிரிட்டிஷ் கார் மொறிஸ் மைனர். இங்கிலாந்தில் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. இன்றைக்குச் சொன்னால் அடுத்த கிழமை வீட்டு வாசலில் பெட்டி. 1990களில் பாத் நகரத்து மைனர் நிலையம் ஒன்றுக்காக இலங்கையிலேயே காரின் உடல் தகடுகள் அடித்து அனுப்பினார்கள். என் காரின் முன் மட்காட் அப்படி வந்ததாக இருக்குமோ என்று தட்டிப் பார்ப்பதுண்டு. வெறும் ஆசைதான், ஆதாரம் இல்லை. இன்றைய கார் ஒன்றின் முன்விளக்கை மாற்ற ஆகும் காசுக்கு என் காரின் பிரேக் முழுவதையும் புதிதாகப் போடலாம், மிச்சக் காசில் தோசையும் சாப்பிடலாம்.

பெறுமதிக் கதை இன்னொன்று. வழக்கமான ஒப்பந்தத்தில் கார் அழிந்தால் அன்றைய சந்தை விலைதான் தருவீர்கள், தேய்மானம் கழித்து. 1959ஆம் ஆண்டுக் காருக்குத் தேய்மானம் கழித்தால் நான்தான் உங்களுக்குக் காசு தர வேண்டி வரும். இதற்கு உங்களிடமே மருந்து இருக்கிறது. பெறுமதியை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் ஓபிசிஎஃப் 19ஏ என்ற இணைப்பு. ஆனால் அதைப் பற்றிக் கேட்டபோது நான் கதைத்த முகவர்களில் பாதிப் பேர், அப்படி ஒன்றா, கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். கேட்டுச் சொன்னவர் இரண்டு பேர்.

வேறெங்கும் காப்புறுதி கிடைக்காதவர்களுக்கென்று ஃபசிலிட்டி என்ற அமைப்பு இருக்கிறதே என்று ஒருவர் வழி காட்டினார். அது கடைசிக் கதவு. குடித்துவிட்டு ஓடிப் பிடிபட்டவர்களும், கட்டணம் கட்டாமல் ஒப்பந்தம் அறுந்தவர்களும் நிற்கிற வரிசை. அங்கே நிற்பவர்களை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை, அவர்களுக்கும் ஒரு கதவு வேண்டும். ஆனால் இந்த நாட்டில் முப்பத்தைந்து வருடம் ஓடி, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்குத் தவிர ரிக்கெற் வாங்காத ஒருவன் ஆசனத்தின் பக்கத்துக்காக அங்கே போய் நிற்க வேண்டுமா?

பதினான்காவது இடம் ஒரு பழைய கார்ச் சங்கத்தின் வழியாகக் கிடைத்தது. தோட்டத்தில் காரை நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, நாள் முழுக்க எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்கும் கிழவர்களின் சங்கம். நானும் அதில் இப்போது ஒரு கிழவன். அவர்களுக்குக் காப்புறுதி கொடுக்கும் நிறுவனம் என்னிடம் இருபத்திரண்டு கேள்வி கேட்டது. எங்கே நிறுத்துகிறாய், கதவுக்குப் பூட்டு உண்டா, தினமும் ஓட வேறு கார் இருக்கிறதா, வருடத்துக்கு எவ்வளவு ஓடுவாய், எந்த மாதங்களில் ஓடுவாய், வீட்டில் வேறு யார் யாருக்கு லைசன்ஸ் இருக்கிறது. காரை நான்கு பக்கமும் உள்ளேயும் அடியிலும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். தனியான மதிப்பீட்டாளரின் கடிதம் கேட்டார்கள். மகனுக்குப் பத்தொன்பது வயது என்றதும் கொஞ்சம் தயங்கி, அவன் இந்தக் காரை ஓட மாட்டான் என்று அவனிடமே கையெழுத்துக் கேட்டார்கள். அதற்கும் உங்களிடம் ஒரு படிவம் இருக்கிறது. எனக்குக் கியர் மாற்றவே தெரியாது, பிறகென்ன கையெழுத்து என்று முணுமுணுத்துக்கொண்டு போட்டான். வலப்பக்க ஸ்ரியரிங் என்பது அந்த இருபத்திரண்டில் ஒரு கேள்வியாக இருந்தது. ஆம் என்றேன். அதற்குக் கொஞ்சம் கூட்டிப் போட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. கேட்டதைக் கட்டினேன்.

மே மாதத்தில் இருந்து ஒக்ரோபர் வரைதான் ஓடுகிறேன். வீதியில் உப்புப் போடத் தொடங்கியதும் கார் உள்ளே போய்விடும்; உப்பு பட்டால் மைனரின் அடித்தகடு அரிசி மா மாதிரி உதிரும். போன பருவம் முழுக்க ஓடியது 1,900 கிலோமீற்றர். திருட்டுப் பயமும் இல்லை. இந்த நகரத்தில் வாசலில் நிற்கிற புதுக் கார்களை, சாவியின் அலையைப் பிடித்தே கொண்டு போகிறார்கள். என் காரைக் கொண்டுபோக வேண்டுமானால் கையால் கியர் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும், குளிர்ந்த எஞ்சினை எழுப்பச் சோக் குமிழை எவ்வளவு இழுப்பது என்றும் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவு தெரிந்த கள்ளன் வந்தால் இருத்தித் தேத்தண்ணி கொடுப்பேன்.

நான் கேட்பது சலுகை இல்லை. உங்கள் ஏற்பு விதிகளை நிதிச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்துதான் நடத்துகிறீர்கள், அந்த விதிக்குள் அடங்குகிற ஒருவரை மறுக்க உங்களுக்கு உரிமை இல்லை என்பதை அறிவேன். ஆகவே அந்த விதியில்தான் கை வைக்க வேண்டும். அடுத்த முறை ஆணையத்துக்கு அனுப்பும்போது, வலப்பக்க ஸ்ரியரிங் என்றால் மறுப்பு என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு விலையைப் போடுங்கள். தினமும் நெடுஞ்சாலையில் ஓடும் வேகக் காருக்கு ஒரு விலை, கோடையில் ஞாயிற்றுக்கிழமை வெளியே வரும் கிழட்டுக் காருக்கு ஒரு விலை. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போடாதீர்கள். 1981க்கு முந்திய வாகனம் என்று குறித்தால் அந்த 17 எழுத்துப் பிடிவாதத்தைக் கணினி விடட்டும். கணினி தெரிந்த பிள்ளை ஒன்று ஒரு பின்னேரத்தில் செய்து முடிக்கும் வேலை அது. முகவர்களுக்கு 19ஏயைப் பற்றி ஒரு மணித்தியாலம் சொல்லிக் கொடுங்கள். மறுத்தால் ஏன் என்று இரண்டு வரி எழுதித் தாருங்கள், தொலைபேசியில் ‘சிஸ்ரம் விடுகிறதில்லை’ என்று சொல்லாமல்.

சனிக்கிழமைகளில் ஸ்காபரோவில் எங்கள் சங்கத்துக்காரர் கூடுவோம். உங்களில் யாராவது வந்தால் ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டு போகிறேன். இடப்பக்க ஆசனத்தில் நீங்கள் இருக்கலாம், மனைவி பின்னால் இருப்பாள். சந்தியில் எட்டிப் பார்த்து ‘வரலாம்’ என்று சொல்கிற வேலை அன்றைக்கு உங்களுடையது.

இப்படிக்கு,
மொறிஸ் மைனர்காரன் ஒருவன்,
ஸ்காபரோ